வன்னியிலிருந்து முதலாவது ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் பணிபுரியும் இளம் விரிவுரையாளர்களும் பட்டப்பின் ஆய்வாளர்களும், வன்னிக் கிராமங்களில் களப்பணி செய்ய விரும்பும் பிற இடத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடை எழுதியவர் சில மானியங்களைப் பெற்றவர், அதைவிடக் கூடுதலானவற்றை இழந்தவர், பின்னர் மேசையின் மறுபக்கத்தில் இருந்து மற்றவர்களின் விண்ணப்பங்களுக்குப் புள்ளியிட்டவர். ஆகவே சில விடைகள் நீண்டும் சில விடைகள் சற்றுக் கடுமையாகவும் இருக்கலாம்.

நிதி அழைப்பு வந்த பிறகு தலைப்பைத் தேடுவதா, தலைப்பை வைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருப்பதா?

இரண்டாவதே சரி. எனினும், தலைப்பைக் காட்டிலும் கேள்வியை வைத்துக்கொண்டு காத்திருப்பது மேலானது. தலைப்பும் கேள்வியும் ஒன்றல்ல என்பதை விளங்கிக்கொள்ளாமையே முதல் விண்ணப்பங்கள் பலவற்றின் நோய்.

"வவுனியா மாவட்டத்தின் குடிநீர்த் தரம் பற்றிய ஓர் ஆய்வு" என்பது தலைப்பு. அதை வாசிக்கும் மதிப்பீட்டாளருக்கு எதை அளக்கப் போகிறீர்கள், எத்தனை இடத்தில், எதற்காக, எப்போது முடிந்தது என்று சொல்வீர்கள் என்பன எவையும் தெரியாது. அதே ஆர்வத்தைக் கேள்வியாக்கிப் பாருங்கள்: "ஒரு குளத்தின் கீழுள்ள கிணறுகளில், குளம் நிறைந்திருக்கும் தை மாதத்துக்கும் குளம் அடிகாணும் ஆவணி மாதத்துக்கும் இடையே புளோரைட்டின் அளவு எவ்வளவு மாறுகிறது? அந்த மாற்றம் குளக்கட்டிலிருந்து கிணறு இருக்கும் தூரத்தோடு தொடர்புடையதா?" இப்போது அளவை, இடம், காலம், ஒப்பீடு ஆகிய நான்கும் கேள்விக்குள்ளேயே வந்துவிட்டன. உலர் வலயத்தின் கருங்கற்பாறை நிலத்தடி நீரில் புளோரைட் மிகுந்திருப்பது நன்கு அறியப்பட்ட செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பதும் அனைவரும் அறிந்ததே. குளத்திலிருந்து ஊறும் மழைநீர் அந்தச் செறிவைக் கோடையிலும் தாழ்த்தி வைத்திருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. தாழ்த்துகிறது என்றால் புதிய பொதுக்கிணற்றை எங்கே வெட்டுவது என்பதற்கு விடை கிடைக்கிறது. தாழ்த்தவில்லை என்றால் வடிகட்டிக்குச் செலவிடும் பணத்துக்கு நியாயம் கிடைக்கிறது. எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் பயன்படுகின்ற கேள்வியே மானியத்துக்கு உகந்தது. இந்தப் புளோரைட் கேள்வியையே கீழேயுள்ள விடைகளிலும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

எங்கள் பிரதேசம் போரால் பாதிக்கப்பட்டது என்பதை எவ்வளவு தூரம் எழுதலாம்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்தப் பக்கமே எழுதப்பட்டது எனலாம். வன்னியிலிருந்து வரும் விண்ணப்பங்களில் முதல் ஒன்றரைப் பக்கம் முப்பது ஆண்டுப் போர், இடம்பெயர்வு, 2009, மீள்குடியேற்றம் என்று போய்விடுகிறது. எழுதப்படுபவை அனைத்தும் உண்மை. எழுதுகின்றவரின் வீட்டிலும் அவற்றுக்குச் சாட்சி இருக்கும். ஆனாலும் மதிப்பீட்டாளர் அங்கே புள்ளியிட எதுவும் இல்லை. துன்பத்தின் அளவுக்கு மானியம் வழங்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. அவர் இரங்கினாலும் அந்த இரக்கத்தை எழுதுவதற்குப் புள்ளித்தாளில் கட்டம் கிடையாது.

போர் உங்கள் ஆய்வின் தரவை எப்படி மாற்றியிருக்கிறது என்று எழுதுங்கள். அங்கே அது வாதமாகிறது. உதாரணத்துக்குக் குடித்தொகையை எடுத்துக்கொள்வோம். 1981 கணக்கெடுப்புக்குப் பின் நடந்த 2001 கணக்கெடுப்பால் வடக்கு முழுவதையும் எண்ண முடியவில்லை; முழுமையான எண்ணிக்கை 2012 இல்தான் கிடைத்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல் என்பதால், 1981 கணக்கெடுப்பில் அதன் மக்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் எண்ணப்பட்டவர்கள். அப்படியாயின், "கிளிநொச்சி மாவட்டத்தில் 1981 முதல் 2012 வரையான மாற்றம்" என்று ஒரு வரைபடத்தை எளிதாகக் கீறிவிடும் விண்ணப்பதாரர் அடிப்படைத் தரவையே பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். மாறாக, பிரதேச செயலர் பிரிவு மட்டத்தில் பழைய எண்களைப் பிரித்தெடுத்து எல்லைகளை ஒத்திசைப்பேன் என்று இரண்டு வரி எழுதுபவர், இந்த இடத்தை இவரால்தான் ஆராய முடியும் என்ற நம்பிக்கையைத் தந்துவிடுகிறார். ஊர்க்காரராக இருப்பதன் உண்மையான பெறுமதி இதுதான்.

"வன்னி" என்ற சொல்லையும் வரையறுத்துவிடுங்கள். தேர்தல் வரைபடத்தில் வன்னி மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சி அதில் இல்லை, அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்கிறது. பேச்சு வழக்கிலோ கிளிநொச்சி இல்லாத வன்னியை எவரும் நினைப்பதில்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மதிப்பீட்டாளர் எந்த வரைபடத்தை விரிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

எந்த நிதி வழங்குநரிடம் கேட்பது?

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் உள்ளக ஆராய்ச்சி மானியம். தொகை சிறிது, ஆனால் ஒரு பருவத்தின் ஆரம்பத் தரவை அதைக் கொண்டு திரட்டிவிடலாம். பெரிய விண்ணப்பத்தில் அந்தத் தரவு பத்துப் பக்க வாதத்துக்குச் சமம். அடுத்து தேசிய மட்டத்தில் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிச் சபை, வேளாண்மைக்கு இலங்கை விவசாய ஆராய்ச்சிக் கொள்கைச் சபை ஆகியன உள்ளன. வெளிநாட்டில், வளர்ந்துவரும் நாடுகளின் இளம் விஞ்ஞானிகளுக்கென 1972 இல் தொடங்கப்பட்ட ஸ்டொக்ஹோம் நகரின் சர்வதேச விஞ்ஞான மன்றமும் (இப்போதும் அழைப்பு விடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்), இயற்கைப் பாதுகாப்புப் பணிகளுக்குச் சிறு மானியம் வழங்கும் ரஃபர்ட் மன்றமும் புதியவர்கள் அணுகக்கூடியவை. மானுடவியல், வரலாறு, சுவடியியல் சார்ந்தோர் பிரித்தானிய நூலகத்தின் அழிவாபத்திலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தைப் பார்க்கலாம். 2004 முதல் இயங்கும் அத்திட்டத்தில் மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியேறாது, மின்வடிவப் படி மட்டுமே எடுக்கப்படும் என்பது விதி. கோயில் ஏடுகளையும் வீட்டுப் பெட்டிகளையும் இழந்து பழகிய எங்கள் மக்களிடம் அனுமதி கேட்கப் போகும்போது அந்த விதியை முதலில் சொல்லுங்கள், கதவு திறக்கும்.

ஒவ்வொன்றின் தகுதி வயது, தொகை, அழைப்பு மாதம் ஆகியவை மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றை இங்கே குறிப்பிடவில்லை. அண்மைய வழிகாட்டல் கோவையைத் தரவிறக்கி முழுதாக வாசியுங்கள். கடந்த ஆண்டு நண்பர் அனுப்பிய படிவத்தை நிரப்பி அனுப்பாதீர்கள். பழைய படிவத்தில் வந்தமைக்காகவே ஒதுக்கப்படும் விண்ணப்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

"இந்த விடயத்தை இதுவரை எவரும் ஆராயவில்லை" என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். யாரேனும் ஆராய்ந்திருப்பார், அவரே உங்கள் மதிப்பீட்டாளராகவும் இருப்பார். "முல்லைத்தீவில் ஆராயப்படவில்லை" என்பதும் போதாது. பதவியாவில் கண்ட முடிவு முல்லைத்தீவிலும் பொருந்தாது என்று கருதுவதற்கு உங்களிடம் என்ன காரணம் உண்டு என்பதே கேள்வி. பாறை வேறா, மண் வேறா, கிணற்றின் ஆழம் வேறா, மக்கள் எத்தனை ஆண்டு அந்தக் கிணற்றைக் கைவிட்டிருந்தார்கள் என்பது வேறா? காரணம் இருந்தால் அதுதான் இடைவெளி. காரணம் இல்லையென்றால் உங்கள் ஆய்வு இன்னோர் ஊரின் பெயரைப் பட்டியலில் சேர்க்கும் வேலையாகவே முடியும்.

முறையியலை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?

உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அதே வேலையைச் செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு எழுத வேண்டும். முதல் விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். அறிமுகத்துக்கு நான்கு பக்கம் கொடுத்தவர்கள் முறையியலுக்கு அரைப்பக்கம் கொடுக்கிறார்கள்.

எங்கள் எடுத்துக்காட்டைத் தொடர்வோம். ஒரு குளத்தின் கீழ் 40 கிணறுகள், இரண்டு பருவங்கள் என்றால் 80 மாதிரிகள். பத்தில் ஒன்றை இரட்டிப்பாக எடுப்பதென்றால் இன்னும் 8. ஒவ்வொரு களநாளுக்கும் ஒரு வெற்று மாதிரி, அதாவது வெளியிலிருந்து மாசு புகுந்ததா என்று பார்க்கத் தூய நீர் நிரப்பிய போத்தல். பருவத்துக்கு நான்கு களநாள் என்றால் அதுவும் 8. மொத்தம் 96. இந்த எண் முறையியலில் 96 என்றும், பாதீட்டில் 150 போத்தல் என்றும், கால அட்டவணையில் ஒரே பருவம் என்றும் இருந்தால், மதிப்பீட்டாளர் மூன்று பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துச் சிரிப்பார். நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன். அதற்கு முன் மற்றவர்கள் என் விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

மாதிரியை என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். புளோரைட்டுக்கான நீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்கக் கூடாது. பிளாஸ்ரிக் போத்தலில் எடுத்தால் 28 நாள் வரை வைத்திருந்து அளக்கலாம். பார உலோகங்களுக்கான நீரில் நைத்திரிக் அமிலம் சேர்த்து அமிலகாரக் குறியீட்டை (pH) 2 இலும் கீழே கொண்டுவந்தால் ஆறு மாதம் வரை தாங்கும். மலக் கலப்பைக் காட்டும் கோலிவடிவ பற்றீரியாவுக்கான நீரோ பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தாலும் ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தை அடைவது நல்லது; ஒரு நாளைத் தாண்டினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கொக்கிளாயில் காலை எட்டு மணிக்கு எடுத்த நீரை எந்த ஆய்வுகூடத்தில், எந்த வாகனத்தில், எத்தனை மணிக்குச் சேர்ப்பீர்கள்? இதற்கு விடையில்லாமல் "பற்றீரியாப் பகுப்பாய்வும் மேற்கொள்ளப்படும்" என்று எழுதினால், அந்த ஒரு வரி ஏனைய நல்ல வரிகளையும் ஐயத்துக்குள்ளாக்கும். செய்ய முடியாததை விட்டுவிடுவதும் முறையியலின் ஒரு பகுதியே.

குடும்பங்களிடம் வினாக்கொத்து நிரப்பும் ஆய்வுக்கு 100 பேர் போதுமா?

எதற்குப் போதுமா என்பதைப் பொறுத்தது. ஒரு விகிதத்தை 95 வீத நம்பிக்கையுடன் கூட்டிக் கழித்து 10 புள்ளி வழுவுக்குள் சொன்னால் போதுமென்றால், எளிய எழுமாற்று மாதிரியில் 96 பேர் போதும். வழு 5 புள்ளிக்குள் இருக்க வேண்டுமென்றால் 384 பேர் தேவை. வழுவைப் பாதியாக்க மாதிரி நான்கு மடங்காகிறது. ஆனால் நீங்கள் கிராமங்களைத் தெரிந்து கிராமத்துக்குள் வீடுகளைத் தெரிவீர்களானால், ஒரே கிராமத்தவர் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் இந்த எண் இன்னும் கூடும். வடிவமைப்பு விளைவு 2 என்று கொண்டால் 384 என்பது 768 ஆகிறது.

இன்னொன்று. ஒரு கிராம அலுவலர் பிரிவுக்குள்ளேயே பரம்பரை வன்னிக் குடும்பங்களும், 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரும், தீவுப் பகுதிகளிலிருந்து காணி பெற்று வந்தோரும் வாழும் இடங்கள் உண்டு. காணி உரிமை, கிணறு, தொழில் ஆகியவற்றில் அவர்களிடையே வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் வாக்காளர் இடாப்பின் வரிசையில் தெரிவுசெய்தால் எண் சரியாக இருக்கும், விடை பிழைத்துவிடும். ஒவ்வொரு பிரிவினரிலிருந்தும் தனித்தனியே தெரிவுசெய்யும் படையாக்கிய மாதிரி எடுப்பு இதற்காகவே உள்ளது.

எங்கள் ஆய்வுகூடத்தில் அந்தக் கருவி இல்லை. விண்ணப்பத்தில் வாங்கித் தரும்படி கேட்கலாமா?

சிறு கருவி என்றால் கேளுங்கள். புளோரைட்டை அளக்கும் அயன் தேர்வு மின்வாயைக் கேட்பது நியாயம். பெரிய கருவிக்கு வேறொரு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவதே புதியவருக்கு உகந்த வழி. அந்த நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தில் மாதிரிகளின் எண்ணிக்கையும் கட்டணமும் இருக்கட்டும். "இயன்ற ஒத்துழைப்பு நல்கப்படும்" என்ற கடிதத்தால் எவருக்கும் பயனில்லை.

கால அட்டவணையை எப்படி அமைப்பது?

விண்ணப்பப் படிவம் "முதலாம் காலாண்டு, இரண்டாம் காலாண்டு" என்று கேட்கும். வன்னி நிலம் காலபோகம், சிறுபோகம் என்றே கணக்கு வைக்கிறது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழையோடு விதைப்பு, தை மாசியில் அறுவடை. சிறுபோகம் குளத்தில் எஞ்சிய நீரைப் பொறுத்தது, எத்தனை ஏக்கருக்கு என்பதைக் கமக்காரர் கூட்டம் தீர்மானிக்கும், சில ஆண்டுகளில் பல வயல்களுக்கு அது கிடைப்பதேயில்லை. இந்த இரண்டு கணக்குகளையும் பொருத்திக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

என் முதலாவது மானியத்தில் இதைப் பொருத்தாமல் விட்டேன். பணம் ஆவணியில் வருமென்று எழுதியிருந்தேன். வந்தது கார்த்திகை நடுவில். அதன் பிறகு கருவிக்கு விலைக்கோரல், கொள்வனவுக் குழு, அங்கீகாரம் என்று தை பிறந்துவிட்டது. நெல் கதிர் தள்ளி முற்றியிருந்த வயலில் விதைப்புக் கால மண் ஈரத்தை அளக்க முடியாது. ஒரு பருவம் தவறியது என்பது வன்னியில் ஓராண்டு தவறியது என்றே பொருள். அதன் பின் எழுதிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும், பணம் மூன்று மாதம் தாமதித்தால் எந்த வேலையை முன்னுக்குக் கொண்டுவருவேன் என்று ஒரு பந்தி எழுதிவிடுகிறேன். அது பலவீனத்தை ஒப்புக்கொள்வதாகாதா என்று மாணவர் ஒருவர் கேட்டார். ஆகாது, மதிப்பீட்டாளருக்கும் அந்தத் தாமதம் தெரிந்ததுதான்.

வெள்ளத்தையும் கணக்கில் எடுங்கள். 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் மூழ்கியபோது வீதியோடு தொடர்பற்றுப் போன கிராமங்கள் பல. மார்கழியில் களப்பணி முழுமையாக நடக்கும் என்று போடப்பட்ட அட்டவணை, ஊரை அறியாதவர் போட்ட அட்டவணை.

பாதீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு செலவும் முறையியலின் ஏதாவது ஒரு வரியிலிருந்து பிறந்திருக்க வேண்டும். வரி இல்லாத செலவையும், செலவு இல்லாத வரியையும் தேடிப் பார்ப்பதே மதிப்பீட்டாளரின் முதல் வேலை. மடிக்கணினி கேட்பவர்கள் மிகப் பலர். அதற்கு நியாயம் எழுதுபவர்கள் மிகச் சிலர்.

கூட்டிக் கேட்டால் வெட்டித் தருவார்கள் என்ற ஊர்ப்புத்தி இங்கே பலிக்காது. குறைத்துக் கேட்டால் இரக்கப்பட்டுத் தருவார்கள் என்பதும் பிழை. பற்றாத பாதீடு, வேலையின் பருமன் விண்ணப்பதாரருக்குத் தெரியாது என்பதையே காட்டுகிறது. இறக்குமதிப் பொருளுக்கு விலைக்கோரல் எடுத்த திகதியையும் நாணய மாற்று விகிதத்தையும் குறிப்பிடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவில் நின்றது. அந்த இரண்டு மாதங்களில், ரூபாயில் வழங்கப்பட்டிருந்த மானியங்கள் வாங்கக்கூடிய இரசாயனப் பொருள்கள் பாதிக்குக் கிட்டவாகக் குறைந்துபோயின. இதைத் தடுக்க உங்களால் முடியாது. ஆனால் எந்தப் பொருள் உள்ளூரில் கிடைக்கும், எதை முதல் மாதத்திலேயே வாங்க வேண்டும், எந்த அளவையைக் கடைசியில் கைவிடலாம் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்த முடியும்.

வழிகாட்டிக்கும் மொழிபெயர்ப்பவருக்கும் மாதிரி எடுக்க உதவும் ஊர் இளைஞருக்கும் கொடுப்பனவு எழுதுங்கள். "ஊர்ப்பிள்ளைகள் உதவி செய்வார்கள்" என்பது பாதீட்டுத் தலைப்பு ஆகாது. அவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள்.

எந்தெந்த அனுமதிகள் தேவை? விண்ணப்பிக்கும்போதே பெற்றிருக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் பெற்றிருக்க வேண்டியதில்லை. எங்கே, எப்போது பெறுவீர்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒரு குளத்தில் வேலை செய்வதென்றால் அக்குளம் யாருடையது என்பதே முதற் கேள்வி. ஏறத்தாழ 80 ஹெக்டயருக்கும் குறைந்த வயலுக்கு நீர் தரும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், இரணைமடு போன்றவை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. காட்டுக்குள் போனால் வனத் திணைக்களம், சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காவுக்குள் போனால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், இரண்டும் ஒன்றல்ல. தொல்பொருள் அகழ்வுக்குத் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் உரிமம் வேண்டும். எங்கு போனாலும் பிரதேச செயலருக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

மண்குழி வெட்டுவோர் மறக்கக் கூடாத ஒன்றுண்டு. நடப்பதற்குப் பாதுகாப்பானது என்று ஊரார் சொல்லும் நிலம், ஒரு மீற்றர் ஆழம் தோண்டுவதற்குப் பாதுகாப்பானது என்று பொருளில்லை. கண்ணிவெடி அகற்றலுக்கான பிராந்திய அலுவலகத்தில் அந்த இடம் எந்த ஆழம் வரை துப்புரவு செய்யப்பட்டது என்று கேட்டறிந்து, அதை விண்ணப்பத்தின் இடர் முகாமைத்துவப் பகுதியில் எழுதுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே கமக்காரர் அமைப்பின் தலைவரையோ கடற்றொழிலாளர் சங்கத் தலைவரையோ போய்ப் பாருங்கள். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த காலத்துக்குப் பிறகு, அந்தக் குளத்தில் யாராவது அளவுகோலை நாட்டினால் "ஆருக்காக அளக்கிறியள்?" என்ற கேள்வி வரும். அதற்கு உங்களிடம் நேர்மையான விடை இருக்க வேண்டும். ஆய்வுத் தலைப்பே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அறநெறி மீளாய்வை வெறும் படிவம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேறு எங்காவது அப்படி எடுத்துக்கொள்ள முடியுமோ தெரியாது, இங்கே முடியாது. 2009 இலிருந்து எத்தனை பேர் கோவையும் பேனையுமாக வந்து போனார்கள் என்பதை முள்ளியவளையிலோ விசுவமடுவிலோ எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பதிவு எடுத்தவர்கள் அனைவரும் ஏதோ ஒன்று கிடைக்கும் என்ற எண்ணத்தை விட்டுச் சென்றார்கள். உங்கள் ஒப்புதல் படிவத்தில் "இதில் பங்குபற்றுவதால் உங்களுக்கு எந்த உதவித் திட்டமும் கிடைக்காது" என்ற வரி எளிய தமிழில், முதற் பந்தியில் இருக்க வேண்டும். அதைச் சொன்ன பிறகும் பேச விரும்புபவரே உண்மையில் ஒப்புதல் தந்தவர்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களிடம் ஆய்வு செய்ய விரும்புவோருக்குத் தனியாக ஒரு சொல். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் அவர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சொன்ன கதையையே ஆணைக்குழுக்களுக்கும் ஊடகங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே பதிவான வாக்குமூலங்களிலிருந்து உங்கள் கேள்விக்கு விடை காண முடியுமானால், அவர்களை மீண்டும் அழ வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. முடியாதென்றால், ஏன் முடியாது என்பதையும், உளவள ஆலோசகர் எங்கே இருப்பார் என்பதையும், ஒலிப்பதிவை எங்கே எத்தனை ஆண்டு பூட்டி வைப்பீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இரண்டு மகன்களை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை என்று எழுதினாலே ஊரில் அவர் யாரென்று தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுதுவது கடினமாக இருக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலான தேசிய, சர்வதேச நிதி வழங்குநர்களுக்கு ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியுள்ளது. ஆயினும் முதல் வரைவைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது வாசித்த கட்டுரைகளின் சொற்றொடர்கள் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்; கருத்து இல்லாத இடத்தையும் அந்தச் சொற்கள் நிரப்பிவிடும். தமிழில் எழுதும்போது ஓட்டை தெரியும். வினாக்கொத்தையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழில் ஆக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவேன் என்று எழுதினால் மதிப்பீட்டாளர் விரும்புவார். சிங்களம் பேசுவோரும் வாழும் இடங்களில் அதற்கும் தனியாக நாளும் பணமும் ஒதுக்குங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாமா?

நிதி வழங்குநரின் விதியைப் பாருங்கள். அனுமதித்தால் மொழியைத் திருத்தப் பயன்படுத்தி, பயன்படுத்தியதைக் குறிப்பிடுங்கள். உசாத்துணைகளை அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் எழுதித் தரும்; அப்படி ஒன்று அகப்பட்டாலே விண்ணப்பம் முடிந்தது.

மூத்த பேராசிரியர் ஒருவரின் பெயரைக் கூட்டாய்வாளராகச் சேர்த்தால் வாய்ப்புக் கூடுமா?

அவர் செய்யப்போகும் வேலையை ஒரு வசனத்தில் எழுத முடிந்தால் கூடும். எழுத முடியாவிட்டால் குறையும், ஏனெனில் ஏழு திட்டங்களில் பெயருள்ள ஒருவரால் எட்டாவதற்கு நேரம் ஒதுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மறுத்தால் மனம் நோவாரே என்ற தயக்கம் விளங்குகிறது. அவரை ஆலோசகராக அழைத்து, வரைவுக்கு அவருடைய கருத்தைக் கேட்டு நன்றி தெரிவிப்பது மரியாதையான வழி. புள்ளிவிபரவியலோ பொறியியலோ அறிந்த, உங்கள் வயதையொத்த ஒருவரைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் கூடுதல் பயன் தரும். தரவு யாருடையது, கட்டுரையில் பெயர் வரிசை எப்படி என்பவற்றைப் பணம் வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இறுதி நாளில் அனுப்பலாமா?

துறைத் தலைவர், பீடாதிபதி, நிதியாளர், துணைவேந்தர் எனக் கையொப்பங்கள் நான்கு. கிளிநொச்சியில் உள்ள பீடத்தின் விண்ணப்பத்துக்குக் கடைசி இரண்டு கையொப்பங்களும் யாழ்ப்பாணத்தில் கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து வவுனியா தனிப் பல்கலைக்கழகம் என்பதால் பம்பைமடுவில் இருப்போருக்கு அந்தப் பயணம் இப்போது இல்லை; மற்றவர்கள் இறுதி நாளுக்குப் பத்து வேலை நாள்களுக்கு முன் கோவையை அனுப்பிவிடுங்கள்.

நிராகரிக்கப்பட்டால்?

முதலில் மதிப்பீட்டாளரின் குறிப்புகளைக் கேட்டுப் பெறுங்கள். கேட்டால்தான் தருகின்ற நிறுவனங்களும் உண்டு. வாசித்து இரண்டு கிழமை பெட்டிக்குள் வையுங்கள். பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: அவர் சொல்வது சரி, நான் எழுதியது அவருக்கு விளங்கவில்லை, அவர் சொல்வது பிழை. இரண்டாவது வகையே அதிகமாக இருக்கும், அதில் தவறு உங்களுடையது. மூன்றாவது வகைக்கும் கோபமின்றி, ஆதாரத்தோடு விண்ணப்பத்துக்குள்ளேயே விடை எழுதலாம்.

புளோரைட் விண்ணப்பம் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம், "ஒரே குளத்தை வைத்து எதைப் பொதுமைப்படுத்துவீர்கள்?" என்பது குறிப்பு. அது சரியான கேள்வி. அடுத்த அழைப்பு வரும் வரை சும்மா இருக்காமல், பல்கலைக்கழகத்தின் சிறு மானியத்தைக் கொண்டு வரும் ஆவணியிலேயே இன்னும் இரண்டு குளங்களின் கீழ் பத்துப் பத்துக் கிணறுகளில் நீர் எடுத்துவிடுங்கள். குளங்கள் நிறைந்ததும் தையில் அதே இருபது கிணறுகளுக்கும் மறுபடி போங்கள்.